எல்லை கடந்த விளக்கொளி

இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவோரிடையே ஒரு மரபு உண்டு. எதிரே ஒரு வண்டி வருவதைக் கண்டதும் இருவரும் தத்தம் விளக்கின் ஒளியைத் தாழ்த்திக்கொள்கின்றனர். ‘டிம் அடித்தல்’ என்று ஓட்டுநர்கள் இதனைக் கூறுவர். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை, பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அடுத்த கணத்தில் இருவரும் வெவ்வேறு திசைகளில் இருளுக்குள் மறைந்துவிடுவர். ஆயினும் அந்த ஒரு கணத்தில் ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருக்கிறது. கண் கூசாமல் கடந்து செல்லவிடுவது இருவருக்கும் பொதுக் கடமை ஆகிறது.

இந்தத் தாழ்வொளியைப் பற்றிப் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அது எப்பக்கமும் ஒன்றுபோல் விழும் ஒளியன்று. ஒரு பக்கம் தாழ்ந்தும், மறுபக்கம் சற்றே உயர்ந்தும் கோணலாக விழுவது அது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலின் நம் வண்டிகளின் தாழ்வொளி வலப்பக்கம் தாழ்ந்தும் இடப்பக்கம் உயர்ந்தும் அமைந்துள்ளது. வலப்பக்கத்தில் எதிரே வருபவரின் கண் இருக்கிறது. அதற்கு இருள் வேண்டும். இடப்பக்கத்தில் சாலையோரமாக நடந்து செல்பவர் இருக்கிறார். அவரைக் காண ஒளி வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒரே விளக்கு நிறைவேற்றுகிறது. வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் இதற்கு நேர்மாறாக விளக்கு அமைகிறது.

அப்படியானால், இடப்புறமாகச் செல்லும் நாட்டின் வண்டி வலப்புறமாகச் செல்லும் நாட்டுக்குள் புகுந்தால் என்ன நேரும்? எதிரே வருபவரின் கண்ணில் படக்கூடாத ஒளி அவர் கண்ணிலேயே பாயும்; நடப்பவரைக் காட்டவேண்டிய ஒளி அவர்மீது விழாது. சொந்த நாட்டில் காப்பாக இருந்த விளக்கு, எல்லையைத் தாண்டியதும் இடராக மாறிவிடுகிறது. விளக்கில் பழுது ஒன்றுமில்லை. ஓட்டுபவரிடத்திலும் தீய எண்ணம் இல்லை. சாலையின் பக்கம் மாறிற்று, அவ்வளவே. இந்தச் சிறு சிக்கலைத் தீர்க்க மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகின்றேன்.

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் விளக்கு ஒரு பெரிய கேள்வியாக எழவில்லை. குதிரை வண்டிகளில் இருந்த எண்ணெய் விளக்குகளே மோட்டார் வண்டியிலும் மாட்டப்பட்டன. அவை பாதையைக் காட்டுவதற்கு என்பதைவிட, ‘இங்கே ஒரு வண்டி வருகிறது’ என்று பிறருக்கு அறிவிப்பதற்கே பயன்பட்டன எனலாம். பின்னர்க் கார்பைடுக் கல்லின்மீது நீர் சொட்டச்செய்து, அதிலிருந்து எழும் அசிட்டிலின் வாயுவை எரிக்கும் விளக்குகள் வந்தன. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் அந்த விளக்கைக் கண்டவர்களுக்கு அதன் வெண்மையான ஒளி நினைவிருக்கும். காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாமை அதன் சிறப்பு.

மின்விளக்கு மெல்ல மெல்லவே இடம் பிடித்தது. 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ஆக்கப்பட்ட கொலம்பியா என்னும் மின்சார வண்டியில், விரும்புவோர்க்கு மின்விளக்குப் பொருத்தித் தரப்பட்டது. ஆனால் குண்டும் குழியுமான பாதையின் அதிர்ச்சியைத் தாங்காமல் விளக்கின் இழை அறுந்துபோவது வழக்கமாயிற்று. வண்டியில் வைக்கத்தக்க அளவில் சிறியதும், போதிய மின்சாரம் தருவதுமான மின்னாக்கியும் அப்போது கிடைக்கவில்லை. 1912-இல் காடிலாக் வண்டியில் எஞ்சினைக் கிளப்புவதற்கும் விளக்கை எரிப்பதற்கும் சேர்த்து ஒரே மின் அமைப்பு வந்தது. அதன்பின் மின்விளக்கே மோட்டார் வண்டியின் கண் ஆயிற்று.

ஒளி வலுப்பெற்றதும் தொல்லையும் தொடங்கிற்று. குழிந்த ஆடியின் குவியத்தில் வைத்த மின் இழை, ஒளியைத் திரட்டி நெடுந்தொலைவு வீசுகிறது. அவ்வொளி ஓட்டுபவருக்கு எவ்வளவு நன்மையோ, எதிரே வருபவருக்கு அவ்வளவு தீமை. இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரெனப் பேரொளி பட்டால் அது மீண்டும் இருளைக் காணச் சில நொடிகள் ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. இரண்டே நொடி கண் தெரியாமற் போனாலும், ஐம்பது மீட்டர் தொலைவைக் குருடராக ஓட்டுகிறோம் என்பது பொருள். எதிர் வண்டியும் அதே வேகத்தில் வருமானால், இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு அந்த இரண்டு நொடிகளில் நூறு மீட்டர் சுருங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக ஒளியைத் தாழ்த்தும் முறை பிறந்தது. 1915-இல் அமெரிக்காவில் வந்த ஒரு விளக்கை, வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிக் கையாலேயே தாழ்த்த வேண்டியிருந்தது. எதிரே வண்டி வரும்போதெல்லாம் இறங்கி ஏறுவது யாரால் இயலும்? 1917-இல் காடிலாக் வண்டியில், இருக்கையில் இருந்தபடியே நெம்புகோலை அசைத்து ஒளியைத் தாழ்த்தும் வசதி வந்தது. 1924-இல் ஓஸ்ராம் நிறுவனம் ‘பைலக்ஸ்’ என்னும் பல்பை வெளியிட்டது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளைக் கொண்டது அது.

அந்தப் பல்பின் அமைப்பை இங்கே சற்று விளக்குவது நலம்; பின்னர் வரும் செய்திகளுக்கு அதுவே திறவுகோல். ஓர் இழை ஆடியின் குவியத்தில் இருக்கிறது. அது உயர்வொளியைத் தருகிறது. மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னே இருக்கிறது. அதன் அடியில் சிறு கிண்ணம்போல் ஓர் உலோகத் தகடு உண்டு. கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அத்தகடு மறைத்துவிடுகிறது. ஆகவே ஆடியின் மேற்பாதியில் மட்டுமே ஒளி பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. அந்த ஒளியைச் சுவரில் வீழ்த்திப் பார்த்தால், மேலே இருளும் கீழே வெளிச்சமுமாக நடுவில் ஒரு கோடு கிழித்தாற்போலத் தெரியும். கோட்டுக்கு மேலே எதிரே வருபவரின் கண். கோட்டுக்குக் கீழே நமது பாதை.

அக்கோடு இடமிருந்து வலம்வரை நேராக இருந்தவரையில், எந்த நாட்டுச் சாலைக்கும் அது பொருந்தியது. இடப்புறப் போக்கு, வலப்புறப் போக்கு என்னும் வேறுபாடு அதற்கில்லை. ஆனால் எல்லா நாட்டினரும் இம்முறையைக் கைக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் 1930-களில் வேறொரு முறை பரவியிருந்தது. ஒளியைத் தாழ்த்தும் பொத்தானை அழுத்தியதும், சாலை நடுவை ஒட்டிய வலப்பக்க விளக்கு முற்றும் அணைந்துவிடும். ஓரத்தை ஒட்டிய இடப்பக்க விளக்கின் ஆடி மட்டும் கீழ்நோக்கியும் இடப்பக்கம் நோக்கியும் சாயும். இங்கிலாந்துச் சாலைக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் அந்த வண்டி கால்வாயைக் கடந்து பிரான்சுக்குள் சென்றால், எரிகின்ற ஒரே விளக்கும் எதிரே வருபவர் பக்கமாகவே திரும்பியிருக்கும்.

இங்கிலாந்தில் இடப்புறமாகச் செல்லவேண்டும் என்பதை 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் உறுதிசெய்தது. கால்வாய்க்கு அப்பால் உள்ள பிரான்சோ வலப்புறமாகச் செல்லும் நாடு. இரண்டு கரைகளுக்கும் இடையில் மிகக் குறுகிய இடத்தில் முப்பத்து நான்கு கிலோமீட்டர் கடலே உண்டு. அந்தக் கடல் பெரிய வேலியாக நின்றவரையில், இரு நாட்டு விளக்குகளும் சந்திப்பது அரிதாகவே இருந்தது. அந்த வேலி மெல்ல மெல்லத் தாழ்ந்த கதை சுவையானது.

1928-இல் கேப்டன் டவுன்செண்டு என்பவர் ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, டோவருக்கும் கலேக்கும் இடையே மோட்டார் வண்டிகளை ஏற்றிச்செல்லத் தொடங்கினார். பாரந்தூக்கியின் கொக்கியில் தொங்கவிட்டு வண்டிகளைக் கப்பலில் இறக்கினர். போருக்குப்பின், 1948-இல், கெண்ட் மாவட்டத்து லிம்ப்னி விமானத் தளத்திலிருந்து பிரான்சின் லெ துக்கேவுக்கு விமானத்திலேயே வண்டிகள் பறந்தன. 1953-இல் டோவர்த் துறைமுகத்தில், ஓட்டுநர் தாமே வண்டியைச் சாய்பாலம் வழியாகக் கப்பலுக்குள் ஓட்டிச்செல்லும் துறை திறக்கப்பட்டது. 1994 மே 6-ஆம் நாள் கடலடிச் சுரங்கப்பாதை திறந்துவைக்கப்பட்டது. அதன் வழியாக வண்டியை ரயிலில் ஏற்றினால் முப்பத்தைந்து நிமிடத்தில் அக்கரை சேரலாம். கொக்கியில் தொங்கிய வண்டி, காப்பி ஆறும் நேரத்தில் கடல் கடக்கும் நிலை வந்துவிட்டது. பயணம் எளிதாக ஆக, தவறான பக்கம் சாய்ந்த விளக்குகளும் அக்கரையில் பெருகின.

பிரான்சுக்குச் சென்றவர்க்கு இன்னும் ஒரு வேற்றுமை காத்திருந்தது. 1936-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, அந்நாட்டு வண்டிகளின் முகப்பு விளக்குகள் வெண்ணிறமாக இராமல் மஞ்சள் நிறமாக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. நீல ஒளியை வடிகட்டிவிட்டால் கண் கூசுவது குறையும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரான்சின் இரவுச் சாலைகள் மஞ்சள் ஒளியில் விளங்கின. இங்கிலாந்திலிருந்து சென்ற சுற்றுலாப் பயணியர் பலர், விளக்குக் கண்ணாடியில் மஞ்சள் வண்ணத்தைப் பூசிக்கொண்டும், மஞ்சள் உறையை மாட்டிக்கொண்டும் சென்றனர். சட்டம் தம்மை வற்புறுத்திற்றோ இல்லையோ, வெள்ளை விளக்குடன் செல்பவரை எதிரே வருவோர் முகஞ்சுளித்து வரவேற்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1993-இல் ஐரோப்பிய நாடுகள் தம் விதிகளை ஒன்றுபடுத்தியபோது அந்த ஆணை முடிவுக்கு வந்தது.

நிறத்தின் வேற்றுமை மறைந்தது. சாய்வின் வேற்றுமையோ அதற்கு முன்பே வலுவாக வேரூன்றிவிட்டது. 1950-களில் ஐரோப்பியச் சாலைகளில் வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் உயர்ந்தன. நேர்கோடாக வெட்டப்பட்ட தாழ்வொளி அந்த வேகத்திற்குப் போதவில்லை. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும், ஒளி நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் தாழ்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒளியின் மேல்விளிம்பு 65 மீட்டர் தொலைவிலேயே தரையைத் தொட்டுவிடும். அதற்கப்பால் சாலையோரத்தில் ஒருவர் கருங்கம்பளம் போர்த்துக்கொண்டு நடந்து சென்றால், ஓட்டுபவருக்கு அவர் தெரியமாட்டார்.

ஆகவே 1957-ஆம் ஆண்டில் சமச்சீரற்ற தாழ்வொளி ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தது. பல்பில் உள்ள அந்தச் சிறு கிண்ணத்தின் ஒரு விளிம்பைப் பதினைந்து பாகை அளவுக்குத் தாழ்த்தினர். அவ்வளவுதான். தாழ்த்திய இடத்தின் வழியாகக் கூடுதல் ஒளி ஆடியின் ஒரு துண்டில் பட்டு, சாலையோரப் பக்கத்தில் மட்டும் பதினைந்து பாகை மேல்நோக்கி எழுந்தது. எதிரே வருபவர் பக்கம் கோடு முன்போலவே கிடையாக நின்றது. சாலையோரத்தில் நடப்பவரும், நிற்கும் வண்டியும், வழிகாட்டிப் பலகையும் வெகு தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்பட்டன. எளியதோர் மாற்றத்தால் பெரியதோர் நன்மை விளைந்தது.

ஆனால் எந்த நாளில் விளக்கு ஒரு பக்கம் சாயக் கற்றதோ, அந்த நாளிலேயே அது நாட்டெல்லைக்கு உட்பட்டுவிட்டது. நேராக இருந்த விளக்கு எங்கும் செல்லலாம். சாய்ந்த விளக்கு தன் பக்கத்து நாடுகளில் மட்டுமே செல்லலாம். அறிவியல் ஒரு தொல்லையை நீக்கும்போதே மற்றொன்றைக் கொண்டுவருவதும் உண்டு. அதற்கு இவ்விளக்கு ஒரு சான்று.

இந்நிலையில் நாடுகள் ஒன்றுகூடி விதி வகுத்தன. 1949-இல் ஜெனீவாவில் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டில் ஓடுவதற்குரிய பொது நெறிகளை அது வகுத்தது. 1958-இல் அதே ஜெனீவாவில், வண்டிகளின் உறுப்புகளுக்கு ஒரே தரத்தை ஏற்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வொப்பந்தத்தின் கீழ் எழுந்த விதிகளுள் முதல் எண்ணைப் பெற்றது எது தெரியுமா? தடையைப் பற்றிய விதியன்று. சக்கரத்தைப் பற்றிய விதியும் அன்று. சமச்சீரற்ற தாழ்வொளி தரும் முகப்பு விளக்கைப் பற்றிய விதியே அது. 1968-இல் வியன்னாவில் எழுந்த உடன்படிக்கை, உயர்வொளி குறைந்தது 100 மீட்டருக்கும், தாழ்வொளி எதிரே வருபவரின் கண் கூசாத வகையில் குறைந்தது 40 மீட்டருக்கும் சாலையைக் காட்டவேண்டும் என்று வரையறுத்தது.

ஐரோப்பியத் தரம் பெற்ற விளக்கின் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் இந்த வரலாறு சிறு குறிகளாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வட்டத்திற்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் 1 ஜெர்மனியையும், 2 பிரான்சையும், 11 இங்கிலாந்தையும் குறிக்கும். ஒப்புதல் அளித்த நாடு எதுவென்பதை அது சொல்லும். அருகில் ஓர் அம்புக்குறியும் இருக்கலாம். அம்பு இல்லையெனில் விளக்கு வலப்புறப் போக்குக்கு உரியது. விளக்கை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அஃது இடப்புறப் போக்குக்கு உரியது. இருமுனை அம்பு இருந்தால், மாற்றியமைத்து இரு போக்குக்கும் பயன்படுத்தத்தக்கது. அத்தகைய சில விளக்குகளில், பல்பைச் சற்றுத் திருப்பிப் பொருத்தினாலே ஒளியின் சாய்வு மாறிவிடும்.

இருமுனை அம்பு இல்லாத விளக்கை உடையவர் என்ன செய்வது? அவர்களுக்கு வந்த எளிய கருவிதான் ஒட்டுத் துண்டு. கண்ணாடியில் எந்தப் பகுதி வழியாக மேல்நோக்கிய ஒளி வெளிவருகிறதோ, அந்தப் பகுதியில் கருநிறத் துண்டொன்றை ஒட்டிவிட்டால் அவ்வொளி மறைந்துபோகும். மற்றொரு வகைத் துண்டில் நுண்ணிய பட்டகங்கள் உண்டு. அவை ஒளியை மறைக்காமல் வேறு திசைக்குத் திருப்பும். டோவரில் கப்பலுக்குக் காத்திருக்கும் வரிசையில், படம் வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கின் முன் மண்டியிட்டு அளந்தளந்து ஒட்டுவது இங்கிலாந்துப் பயணியர்க்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வீடு திரும்பியதும் அதை உரித்தெடுக்கவும் வேண்டும். மறந்தால், சொந்த நாட்டிலே சாலையோரம் தெரியாமல் போகும்.

கருநிறத் துண்டின் குறைபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். அஃது எதிரே வருபவரின் கண்ணைக் காக்கிறது, மெய்தான். ஆனால் புதிய நாட்டின் சாலையோரத்தில் நடப்பவரை அது காட்டுவதில்லை. தீமையை மறைக்கிறதே அன்றி, இழந்த நன்மையை மீட்டுத் தருவதில்லை. ஒளி குன்றிய விளக்குடன் அயல்நாட்டுச் சாலையில் செல்பவர் வேகத்தைக் குறைப்பது ஒன்றே அதற்கு மாற்று. சட்டம் கேட்பதோடு நின்றுவிடாமல், சட்டம் எதற்காக எழுந்தது என்பதை எண்ணுபவரே இதனை உணர்வர்.

ஒரு வண்டி எல்லை கடக்கும்போது நேரும் இச்சிக்கல், ஒரு நாடே ஒரே இரவில் பக்கம் மாறியபோது எப்படி இருந்திருக்கும்? சுவீடன் நாடு 1734 முதல் இடப்புறமாகச் சென்ற நாடு. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்புறமாகச் செல்பவை. 1955-இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, நூற்றுக்கு எண்பத்து மூவர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் 1963-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மாற்றத்திற்கு ஒப்புதல் தந்தது. மக்கள் விருப்பத்திற்கு மாறாக ஏன் விரைந்தனர் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று விளக்கு. அந்நாளில் சுவீடனின் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே அளவான வட்ட விளக்குகளைக் கொண்டிருந்தன. விலை மலிவு, மாற்றுவதும் எளிது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனி வடிவில் விலை உயர்ந்த விளக்கு வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தலையெடுத்துக் கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தினால், விளக்கு மாற்றும் செலவே மக்களால் தாங்கவொண்ணாததாகிவிடும் என்று கணக்கிட்டனர்.

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 5 மணி என்று நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முன்பே, வலப்புறப் போக்குக்கு உரிய விளக்குகள் கடைகளில் விற்கப்பட்டன. அவற்றை அப்படியே மாட்டினால் அன்றைய இடப்புறச் சாலையில் எதிரே வருபவர் கண் கூசுமல்லவா? ஆதலின், மேல்நோக்கி எழும் ஒளியை மறைக்கும் ஒட்டுத் துண்டோடு அவ்விளக்குகள் விற்பனைக்கு வந்தன. குறித்த அந்த நாளுக்கு முன் இதனை அகற்றலாகாது என்ற எச்சரிக்கை அத்துண்டின்மீதே அச்சிடப்பட்டிருந்தது. அந்த நாள் வந்தது. காலை 4 மணி 50 நிமிடத்திற்குச் சாலையிலிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல வலப்பக்கம் சென்று மீண்டும் நின்றன. 5 மணி அடித்ததும் புறப்பட்டன. பயணி எல்லையில் செய்யும் சிறு சடங்கை ஒரு நாடே சேர்ந்து செய்தது. இங்கே எல்லைக்கோடு நிலத்தில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது.

பக்கத்தை மாற்றியவர்கள் விளக்கையும் எண்ணிப் பார்த்தார்கள் என்பது சுவீடன் கதையின் சிறப்பு. எல்லா நாடுகளுக்கும் அது வாய்க்கவில்லை. நம் அண்டை நாடான பர்மா, இன்றைய மியன்மா, 1970-இல் இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறிற்று. ஆனால் பின்னாளில் அந்நாட்டுச் சாலைகளில் பெருந்தொகையாக ஓடியவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். ஜப்பான் இடப்புறமாகச் செல்லும் நாடு. அந்த வண்டிகளின் விளக்கும் இடப்பக்கம் சாய்வது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் குடியேறிய மணிப்பூரின் மோரே நகரத்திலிருந்து எல்லையைக் கடந்து தமூ நகருக்குச் சென்றால், சாலையின் பக்கம் மாறிவிடுகிறது. அங்கே எல்லையைக் கடக்காத உள்ளூர் வண்டியிலும் அயல்நாட்டு விளக்கு எரிவதைக் காணலாம்.

விளக்கின் தொழில்நுட்பமும் சும்மா இருக்கவில்லை. 1962-இல் ஐரோப்பாவில் ஆலசன் பல்பு வந்தது. 1971-இல் உயர்வொளி, தாழ்வொளி இரண்டையும் தரும் ஆலசன் பல்பு வந்தது. 1991-இல் செனான் வாயு விளக்கு வந்தது, பின்னர் எல்.இ.டி. விளக்குகள் வந்தன. விளக்கின் முன்புறம் இருந்த வரிவரியான கண்ணாடி மறைந்து, வழவழப்பான பிளாஸ்டிக் மூடி வந்தது. ஒளியை வடிவமைக்கும் வேலை உள்ளே உள்ள ஆடிக்கும் வில்லைக்கும் சென்றுவிட்டது. அதனால் வெளியே எந்த இடத்தில் துண்டை ஒட்டவேண்டும் என்பது கண்ணால் பார்த்து அறிய முடியாததாயிற்று. வண்டியின் கையேட்டைப் பார்த்தே அறியவேண்டும். சில வண்டிகளில் விளக்குக்குள்ளேயே சிறு நெம்புகோல் உண்டு. அதனை அசைத்தால் உள்ளிருக்கும் மறைப்புத் தகடு நகர்ந்து, ஒளியின் மேல்விளிம்பு மீண்டும் நேர்கோடாகிவிடும். 1957-க்கு முற்பட்ட எளிய நேர்கோட்டுக்கே அறிவியல் திரும்பி வந்து, அதனைப் பயணியின் விளக்காக வைத்துக்கொண்டது!

இன்றைய புதிய வண்டிகள் சிலவற்றில், ஓட்டுநர் முன்னுள்ள திரையில் ஒரு தெரிவைத் தொட்டாலே போதும். விளக்கு தன் சாய்வை மாற்றிக்கொள்கிறது. வேறு சில வண்டிகள், செயற்கைக்கோள் வழியாகத் தாம் நிற்கும் நாட்டை அறிந்து, எவரும் சொல்லாமலேயே மாறிக்கொள்கின்றன. இன்னும் சில, எதிரே வரும் வண்டியைக் கண்டு, அது நிற்கும் இடத்தை மட்டும் இருளாக்கி, மற்ற இடமெல்லாம் ஒளி பரப்புகின்றன. மண்டியிட்டு ஒட்டிய காலம் மெல்ல மறைந்துவருகிறது. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓடும். தானே மாறாத புதிய வண்டிகளும் உண்டு. அங்கெல்லாம் கடமை மனிதனுடையதே.

நேயர்களே! இந்த வரலாற்றில் மாமன்னர் இல்லை, போர்க்களம் இல்லை. ஒரு பல்பின் அடியில் உள்ள தகட்டின் விளிம்பும், கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டுமே இதன் தலைமக்கள். ஆனால் நாடுகள் கூடி உடன்படிக்கை எழுதியதும், ஒரு நாடு முழுவதும் விளக்கை மாற்றியதும் எதற்காக? தம் நாட்டவரும் அல்லாத, முகமும் அறியாத ஒருவர் எதிரே வருகிறார். அவர் கண் கூசலாகாது என்பதற்காகவே. தன் வெளிச்சம் தனக்குக் குறைவாகத் தெரிவதில்லை. ஆகவே சாய்வு தவறிய விளக்கின் குற்றத்தை ஓட்டுபவர் உணர்வதேயில்லை. எதிரே வருபவரே உணர்கிறார். அவரோ சொல்லமுடியாத வேகத்தில் கடந்து போய்விடுகிறார்.

கேட்கப்படாத முறையீட்டுக்குச் செவிசாய்ப்பதே பண்பாடு எனில், எல்லையில் வண்டியை நிறுத்தி விளக்கைச் சரிசெய்கின்றவர் பண்பாட்டையே பேணுகின்றார். அயல்நாட்டுக்குச் சொந்த வண்டியில் செல்லும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டும். ஆனால் இன்றிரவு நம் ஊர்ச் சாலையில் எதிரே ஒரு வண்டி வரும். ஓரத்தில் ஒருவர் நடந்து செல்வார். நம் விளக்கு அவ்விருவர்க்கும் உரியவாறு சரியாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் கடமை நம் எல்லார்க்கும் உண்டு.